கிளர்வு நிலைகளின் ஆயுட்காலத்தை ஆற்றல்-காலத் தொடர்பால் மதிப்பிடுதல்: பயன்பாடும் வரம்பும்

ஆய்வுச்சுருக்கம்

கிளர்வு நிலையில் உள்ள அணு, அணுக்கரு, மூலக்கூறு ஆகியவற்றின் ஆயுட்காலத்தை நிறமாலை வரியின் அகலத்திலிருந்து கணிக்கும் முறை இயற்பியல் பாடத்திட்டங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. ஆற்றல்-கால நிச்சயமின்மைத் தொடர்பே இக்கணிப்பின் அடிப்படை எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அத்தொடர்பு ஒரு சமனின்மை. ஆயுட்காலத்தின் மதிப்பைப் பெறுவதற்கோ ஒரு சமன்பாடு வேண்டும். அச்சமன்பாடு எங்கிருந்து கிடைக்கிறது, அதில் வரும் 'அகலம்', 'காலம்' என்னும் சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன, எந்தச் சூழலில் அதைப் பயன்படுத்தலாகாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சோடியம் அணு, இரும்பு-57 அணுக்கரு, ரோடமின் சாயம், இசட் போசான் ஆகிய நான்கு நேர்வுகள் எடுத்துக்காட்டுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: கிளர்வு நிலை, சராசரி ஆயுட்காலம், இயல்பு வரி அகலம், நிச்சயமின்மைக் கொள்கை, டாப்ளர் விரிவு, மாஸ்பவர் விளைவு.

1. முன்னுரை

ஒரு நிறமாலை வரியின் அகலம் ஆற்றல் அலகில் 4.05 × 10⁻⁸ எலக்ட்ரான் வோல்ட் எனக் கொள்வோம். அவ்வரியை உமிழ்ந்த கிளர்வு நிலையின் ஆயுட்காலம் யாது? ஆற்றல்-காலப் பெருக்கத்தைச் சுருக்கிய பிளாங்க் மாறிலிக்குச் சமப்படுத்தினால் 16.25 நானோ வினாடி என்னும் விடை கிடைக்கிறது. அம்மாறிலியின் பாதிக்குச் சமப்படுத்தினால் விடை 8.1 நானோ வினாடி. முழுப் பிளாங்க் மாறிலிக்குச் சமப்படுத்தினால் விடை 102 நானோ வினாடியாக உயர்ந்துவிடுகிறது. மூன்று வடிவங்களும் பாடநூல்களிலும் வினாத்தாள்களிலும் புழக்கத்தில் உள்ளன. சிறும விடைக்கும் பெரும விடைக்கும் இடையே 12.6 மடங்கு வேறுபாடு இருக்கிறது.

'இது தோராயக் கணிப்புத்தானே' என்று கூறி இவ்வேறுபாட்டைக் கடந்து செல்வது வழக்கம். பருமன் வரிசையை மட்டும் அறிய விரும்புவோருக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் மேற்கண்ட அகலம் சோடியத்தின் மஞ்சள் வரி ஒன்றுக்கு உரியது. அதன் மேல்நிலை ஆயுட்காலம் 16.25 நானோ வினாடி என நேரடியாகவே அளக்கப்பட்டுள்ளது. மூன்று விடைகளுள் ஒன்று மட்டும் அளவீட்டோடு முழுமையாகப் பொருந்துகிறது. இப்பொருத்தத்திற்கான காரணம் நிச்சயமின்மைக் கொள்கையைக் காட்டிலும் சிதைவின் அடுக்குக்குறி இயல்பிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்து.

2. காலம் என்னும் அளவின் தனி இயல்பு

ஹைசன்பர்க் 1927ஆம் ஆண்டு நிச்சயமின்மைக் கொள்கையை முன்வைத்தார். அதில் இருப்பிடமும் உந்தமும் ஓர் இணையாகவும், ஆற்றலும் காலமும் மற்றோர் இணையாகவும் இடம்பெற்றன. எழுத்தளவில் ஒத்த வடிவில் தோன்றினாலும் இவ்விரு இணைகளும் ஒரே தன்மையுடையன அல்ல. இருப்பிடத்திற்கும் உந்தத்திற்கும் குவாண்டம் இயக்கவியலில் தனித்தனிச் செயலிகள் உள்ளன. ஒரே நிலையில் ஆயத்தம் செய்யப்பட்ட பல துகள்களில் அவற்றை அளந்து, முடிவுகளின் திட்ட விலக்கங்களைக் கணக்கிடலாம். அவ்விலக்கங்களின் பெருக்கம் சுருக்கிய பிளாங்க் மாறிலியின் பாதிக்குக் குறையாது என்பது கணித முறையில் நிறுவப்பட்ட தேற்றம்.

காலத்திற்கு இத்தகைய செயலி இல்லை. ஆற்றலுக்கு ஒரு கீழெல்லை இருக்கும்வரை, ஆற்றல் செயலிக்கு இணையான காலச் செயலி ஒன்றை வழக்கமான முறையில் அமைக்க இயலாது என்பதைப் பவுலி சுட்டிக்காட்டினார். குவாண்டம் இயக்கவியலில் காலம் ஒரு புற அளவுரு. துகளிடம் சென்று 'உன் காலம் என்ன' என்று கேட்டு அளக்கத்தக்க பண்பு அன்று. ஆகவே ஆற்றல்-காலத் தொடர்பில் வரும் காலத்தின் 'நிச்சயமின்மை' என்பது எதைக் குறிக்கிறது என்று ஒவ்வொரு சூழலிலும் தனியே வரையறுக்க வேண்டியுள்ளது.

மண்டல்ஸ்டாம், தாம் ஆகியோர் 1945ஆம் ஆண்டு ஒரு தெளிவான வரையறையை அளித்தனர். அமைப்பின் ஏதேனும் ஓர் அளவின் சராசரி மதிப்பு, அவ்வளவின் திட்ட விலக்கத்திற்குச் சமமான தொலைவு நகர்வதற்கு எடுத்துக்கொள்ளும் காலமே அவர்களது சமனின்மையில் வரும் காலம். அதாவது, அமைப்பு குறிப்பிடத்தக்க அளவு மாறுவதற்கு வேண்டிய காலம் அது. ஆற்றல் பரவல் சுழியாக உள்ள நிலை என்றும் மாறுவதில்லை. பரவல் மிகுதியான நிலை மட்டுமே விரைந்து மாற இயலும். இத்தொடர்பை 'ஆற்றலை அளக்க எடுத்துக்கொள்ளும் காலம்' என்று பொருள்கொள்வோரும் உண்டு. ஆற்றலைத் துல்லியமாக அளப்பதற்குக் குறைந்தபட்சக் கால அளவு எதுவும் பொதுவிதியாக இல்லை என்பதை அகரோனாவும் போமும் 1961ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர்.

மண்டல்ஸ்டாம்-தாம் சமனின்மை உண்மையானது. ஆயினும் அது ஓர் எல்லையை மட்டுமே தருகிறது. 'இவ்வளவுக்குக் குறையாது' என்னும் கூற்றிலிருந்து 'இவ்வளவு' என்னும் மதிப்பைப் பெற முடியாது. அதற்கு வேறொரு வழி தேவைப்படுகிறது.

3. சிதைவிலிருந்து அகலம் பிறக்கும் முறை

வைஸ்கோஃப், விக்னர் ஆகியோர் 1930ஆம் ஆண்டு அவ்வழியைக் காட்டினர். அவர்களது வாதத்தின் சாரத்தைச் சமன்பாடுகள் இன்றியும் கூறலாம். முற்றிலும் நிலையான ஒரு குவாண்டம் நிலையின் நிகழ்தகவு வீச்சு ஒரே அதிர்வெண்ணில் முடிவின்றி அலைவுறும். முடிவின்றி நீளும் அலைக்கு ஒரே அதிர்வெண் உண்டு. ஆகவே அந்நிலைக்கு ஒரே ஆற்றல் உண்டு. கிளர்வு நிலையோ ஒளியை உமிழ்ந்து அடி நிலைக்கு இறங்கக்கூடியது. அது எஞ்சியிருப்பதற்கான நிகழ்தகவு காலத்தோடு அடுக்குக்குறி முறையில் குறைகிறது. ஒரு சராசரி ஆயுட்காலம் கடந்தபின் ஏறத்தாழ 37 விழுக்காடு அணுக்கள் மட்டும் கிளர்வு நிலையில் எஞ்சியிருக்கும்.

நிகழ்தகவு என்பது வீச்சின் இருபடி. எனவே நிகழ்தகவு குறையும் வீதத்தின் பாதி வீதத்தில் வீச்சு குறைகிறது. இவ்வாறு தேய்ந்துசெல்லும் அலையை ஃபூரியர் முறையில் பகுத்தால் ஒரே அதிர்வெண் கிடைப்பதில்லை. நடு அதிர்வெண்ணைச் சுற்றி லோரன்ட்ஸ் வடிவில் பரவிய ஒரு வரி கிடைக்கிறது. உச்சத்தின் பாதி உயரத்தில் அவ்வரியின் முழு அகலத்தை அளந்தால் பின்வரும் தொடர்பு பெறப்படுகிறது:

அரை உயர முழு அகலம் (ஆற்றல் அலகில்) × சராசரி ஆயுட்காலம் = சுருக்கிய பிளாங்க் மாறிலி

மாறிலியின் மதிப்பு 6.582 × 10⁻¹⁶ எலக்ட்ரான் வோல்ட் வினாடி. அகலத்தை ஹெர்ட்ஸ் அலகில் கூறினால் அது 1 ÷ (6.283 × சராசரி ஆயுட்காலம்) ஆகும், 6.283 என்பது பை மாறிலியின் இருமடங்கு. இவ்வகலமே இயல்பு வரி அகலம் எனப்படுகிறது.

இது சமனின்மையிலிருந்து பெறப்பட்டதன்று என்பதற்கு ஒரு கூரிய சான்று உண்டு. லோரன்ட்ஸ் வடிவத்தின் வால்பகுதிகள் மிக மெதுவாகத் தேய்வதால் அதன் திட்ட விலக்கம் முடிவிலியாகிவிடுகிறது. ஆகவே ஆற்றலின் திட்ட விலக்கத்தைக் கோரும் சமனின்மையில் இவ்வரியை இட்டால் பயனுள்ள மதிப்பு எதுவும் கிடைக்காது. அரை உயர அகலம் முடிவுள்ள ஓர் அளவு. ஆயுட்காலத்தோடு சமன்பாட்டில் இணைவதும் அதுவே.

4. பிழை நுழையும் இடங்கள்

மேற்கண்ட தொடர்பைக் கையாளும்போது மூன்று குழப்பங்கள் அடிக்கடி நேர்கின்றன.

முதலாவது, முழு அகலத்திற்கும் பாதி அகலத்திற்கும் இடையிலான குழப்பம். வரியின் நடுவிலிருந்து ஒரு பக்கம் மட்டும் அளந்த பாதி அகலத்தை இட்டால் பெருக்கம் சுருக்கிய பிளாங்க் மாறிலியின் பாதிக்குச் சமமாகும். இது சமனின்மையின் வலப்பக்கத்தோடு தற்செயலாக ஒத்துப்போவதால், சமனின்மையே சமன்பாடாக மாறியது போன்ற தோற்றம் உண்டாகிறது.

இரண்டாவது, சராசரி ஆயுட்காலத்திற்கும் அரை ஆயுட்காலத்திற்கும் இடையிலான குழப்பம். அரை ஆயுட்காலம் சராசரி ஆயுட்காலத்தின் 0.693 மடங்கு. அணுக்கரு இயற்பியல் அட்டவணைகள் பெரும்பாலும் அரை ஆயுட்காலத்தையும், அணு நிறமாலையியல் அட்டவணைகள் பெரும்பாலும் சராசரி ஆயுட்காலத்தையும் தருகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டால் அகலம் 44 விழுக்காடு மிகையாகிவிடும். தமிழில் 'ஆயுள்' என்னும் சொல் ஒருவர் வாழ்ந்து முடிக்கும் காலத்தை உணர்த்துவது. ஒரு தனி அணுவுக்கு அவ்வாறு விதிக்கப்பட்ட கால அளவு இல்லை. எத்துணைக் காலம் கிளர்வு நிலையில் இருந்திருந்தாலும் அடுத்த நொடியில் அது சிதைவதற்கான வாய்ப்பு மாறுவதில்லை. எனவே 'சராசரி' என்னும் அடையை விடாது வழங்குவது பொருள் தெளிவுக்குத் துணைசெய்யும்.

மூன்றாவது, அகலத்தை அளவீட்டுப் பிழையாகக் கருதும் குழப்பம். இயல்பு அகலம் அந்நிலையின் பண்பு. கருவியை எவ்வளவு மேம்படுத்தினாலும் அது குறையாது. ஆனால் வரியின் நடுவை அகலத்தைவிடப் பன்மடங்கு நுட்பமாகக் குறிக்க இயலும். போதிய ஒளியன்களை எண்ணினால் போதும். 'நிச்சயமின்மை' என்னும் சொல் இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டிவிடுகிறது.

இவற்றோடு இன்னொன்றையும் கருத வேண்டும். சிதைவு முடியும் கீழ்நிலையும் நிலையற்றதாயின், வரியின் அகலம் இரு நிலைகளின் அகலங்களது கூட்டுத்தொகையாகும். அப்போது ஒரு வரியை மட்டும் கொண்டு மேல்நிலையின் ஆயுட்காலத்தைப் பிரித்தறிய முடியாது.

5. சோடியம்: அகலம் மறைந்திருக்கும் நேர்வு

சோடியத்தின் 589 நானோமீட்டர் வரிக்கு இயல்பு அகலம் 9.8 மெகா ஹெர்ட்ஸ். அவ்வரியின் அதிர்வெண் ஏறத்தாழ 5.09 × 10¹⁴ ஹெர்ட்ஸ். அகலம் அதிர்வெண்ணில் ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒரு பங்கு மட்டுமே. சாதாரணச் சோடிய விளக்கின் ஒளியை நிறமாலைமானியில் நோக்கும் மாணவர் இவ்வகலத்தைக் காண்பதில்லை.

காரணம், அணுக்களின் வெப்ப இயக்கம். நோக்குநரை நெருங்கும் அணுவின் ஒளி உயர் அதிர்வெண் பக்கமும், விலகும் அணுவின் ஒளி தாழ் அதிர்வெண் பக்கமும் நகர்கின்றன. 300 கெல்வின் வெப்பநிலையில் இந்த டாப்ளர் விரிவு, வரியின் ஒரு தனிக்கூறுக்கு ஏறத்தாழ 1.3 கிகா ஹெர்ட்ஸ் எனக் கணக்கிடலாம். இது இயல்பு அகலத்தின் ஏறத்தாழ 134 மடங்கு. போதாக்குறைக்கு அடி நிலையின் மீநுண் பிளவு 1772 மெகா ஹெர்ட்ஸ் அளவில் வரியைக் கூறுபடுத்துகிறது. டாப்ளர் அகலத்தையே இயல்பு அகலம் எனக் கொண்டு கணக்கிட்டால் ஆயுட்காலம் 0.12 நானோ வினாடி என வரும். உண்மை மதிப்பு 16.25 நானோ வினாடி.

எதிரெதிர்த் திசைகளில் செல்லும் இரு லேசர் கற்றைகளைப் பயன்படுத்தி, கற்றையின் திசையில் திசைவேகம் ஏறத்தாழச் சுழியாக உள்ள அணுக்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் முறையால் இவ்விரிவைக் கடக்கலாம். ஹென்ஷ், ஷாஹின், ஷாலோ ஆகியோர் 1971ஆம் ஆண்டு இம்முறையைச் சோடியத்தின் மஞ்சள் வரிகளில் கையாண்டு, டாப்ளர் விரிவுக்குள் புதைந்திருந்த மீநுண் அமைப்பைப் பிரித்துக் காட்டினர். இங்கு ஒரு பொதுவிதி புலப்படுகிறது. வேறு காரணங்கள் வரியை அகலப்படுத்துவதால், அளந்த அகலத்திலிருந்து பெறும் காலம் உண்மை ஆயுட்காலத்தின் கீழெல்லையாகவே நிற்கும்.

6. இரும்பு-57: அகலம் வெளிப்படும் நேர்வு

இரும்பு-57 அணுக்கருவின் 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கிளர்வு நிலையின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 98 நானோ வினாடி. சராசரி ஆயுட்காலம் 141 நானோ வினாடி. தொடர்பின்படி இயல்பு அகலம் 4.67 × 10⁻⁹ எலக்ட்ரான் வோல்ட். ஆற்றலோடு ஒப்பிட்டால் இது 3 × 10⁻¹³ பங்கு.

தனித்திருக்கும் அணுக்கரு காமாக் கதிரை உமிழும்போது எதிர்த்திசையில் பின்னுதைப்புப் பெறுகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 0.002 எலக்ட்ரான் வோல்ட். இயல்பு அகலத்தைப்போல் நான்கு லட்சம் மடங்குக்கும் மேல். எனவே ஓர் அணுக்கரு உமிழ்ந்த கதிரை இன்னோர் அணுக்கரு உட்கவர வாய்ப்பில்லை. படிகத்தில் பிணைந்த அணுக்கருக்களில் ஒரு பகுதி பின்னுதைப்பின்றியே உமிழ்கின்றன என்பதை மாஸ்பவர் 1958ஆம் ஆண்டு இரிடியம்-191 அணுக்கருவில் கண்டறிந்தார். 1961இல் நோபல் பரிசு பெற்றார். இரும்பு-57இல் இவ்விளைவு அறை வெப்பநிலையிலேயே வலுவாகத் தோன்றுகிறது.

இச்சோதனையில் மூலத்தை வினாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தி, உட்கவர்தல் மாறுவதைப் பதிவுசெய்கின்றனர். மூலத்தின் அகலமும் உட்கவரியின் அகலமும் கூடுவதால், மெல்லிய மாதிரியில் எதிர்பார்க்கும் சிறும அகலம் இயல்பு அகலத்தின் இருமடங்கு. அதாவது வினாடிக்கு 0.194 மில்லிமீட்டர். இந்த இருமடங்கை மறந்துவிட்டால் ஆயுட்காலம் பாதியாகக் குறைந்து வரும். பவுண்டும் ரெப்காவும் 1960ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகக் கோபுரத்தில், ஏறத்தாழ 22.5 மீட்டர் உயர வேறுபாட்டில், ஈர்ப்பினால் ஏற்படும் 2.5 × 10⁻¹⁵ பங்கு மாற்றத்தை இவ்வரியைக் கொண்டே அளந்தனர். அம்மாற்றம் வரியின் இயல்பு அகலத்தில் நூறில் ஒரு பங்கினும் குறைவு. அகலம் அளவீட்டின் எல்லை அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

7. ரோடமின்: தொடர்பு பொருந்தாத நேர்வு

ஒளிர்பொருள்களை ஆராய்வோர் மிக விழிப்புடன் இருக்கவேண்டிய நேர்வு இது. எத்தனாலில் கரைந்த ரோடமின் 6ஜி சாயத்தின் ஒளிர்வு நிறமாலை 555 நானோமீட்டர் அருகே உச்சம் கொண்டு, ஏறத்தாழ 40 நானோமீட்டர் அகலத்தோடு தோன்றுகிறது. இவ்வகலம் ஆற்றல் அலகில் 0.16 எலக்ட்ரான் வோல்ட். தொடர்பில் இட்டால் ஆயுட்காலம் 4 ஃபெம்டோ வினாடி என வரும். துடிப்பு லேசரால் கிளர்வித்து ஒளிர்வு தேய்வதை நேரடியாக அளந்தால் ஏறத்தாழ 4 நானோ வினாடி கிடைக்கிறது. வேறுபாடு பத்து லட்சம் மடங்கு.

மூலக்கூறின் மின்னணு நிலை ஒவ்வொன்றும் பல அதிர்வு மட்டங்களைக் கொண்டது. உமிழ்வு அவற்றுள் பலவற்றில் முடிகிறது. கரைப்பான் மூலக்கூறுகள் ஒவ்வொரு சாய மூலக்கூறையும் வெவ்வேறு விதமாகச் சூழ்வதால் ஆற்றல் மட்டங்கள் இடத்துக்கிடம் சிறிது மாறுகின்றன. மோதல்கள் அலையின் கட்டத்தைக் குலைக்கின்றன. நிலை சிதையாமலே கட்டம் மட்டும் குலைந்தாலும் வரி அகலும். இம்மூன்றும் சேர்ந்த அகலத்தில் ஆயுட்காலத்தின் பங்கு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிது. குவாண்டம் புள்ளிகள், அருமண் அயனிகள் கலந்த படிகங்கள் போன்றவற்றின் அறை வெப்பநிலை நிறமாலைகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அத்தகைய பொருள்களில் ஆயுட்காலத்தைத் தனி ஒளியன் எண்ணல் போன்ற நேரடி முறைகளால் அளப்பதே தகும்.

8. இசட் போசான்: அகலமே ஒரே சான்றாகும் நேர்வு

எதிர்முனையில், நேரடியாகக் காலத்தை அளக்கவே இயலாத நிலைகள் உள்ளன. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1989 முதல் 1995 வரை எலக்ட்ரான், பாசிட்ரான் கற்றைகளின் மோதல் ஆற்றலை 91 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே சிறுசிறு படிகளாக மாற்றி, இசட் போசான் உருவாகும் வீதம் பதிவுசெய்யப்பட்டது. உச்ச வளைவின் அகலம் 2.495 கிகா எலக்ட்ரான் வோல்ட் எனக் கிடைத்தது. தொடர்பின்படி ஆயுட்காலம் 2.6 × 10⁻²⁵ வினாடி. ஒளியே அக்காலத்தில் புரோட்டான் ஆரத்தின் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடக்காது. எந்தக் கடிகாரத்தாலும் இதை அளக்க முடியாது.

ஆயினும் இவ்வகலம் நம்பத்தக்கதாயிற்று. ஏனெனில் வளைவை அகலப்படுத்தும் பிற காரணங்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிடப்பட்டன. நிலவின் ஓத விசையால் 27 கிலோமீட்டர் வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மாறி, கற்றையின் ஆற்றலைப் பாதிப்பதுகூடத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. பலன் பெரிது. ஒரு நிலை பல வழிகளில் சிதையுமாயின் ஒவ்வொரு வழியும் மொத்த அகலத்திற்குத் தன் பங்கைத் தருகிறது. கருவியில் தடம் பதிக்காத ஒவ்வொரு நியூட்ரினோ வகையும் ஏறத்தாழ 0.166 கிகா எலக்ட்ரான் வோல்ட் சேர்க்கிறது. காணப்பட்ட அகலம் மூன்று வகைகளுக்கு மட்டுமே இடம்தந்தது. எடை குறைந்த நான்காம் வகை ஒன்று இருந்திருந்தால் அகலம் 2.66 ஆக உயர்ந்திருக்கும். ஆயுட்காலம் ஆறு விழுக்காடு குறைந்திருக்கும். அகலத்தையும் ஆயுட்காலத்தையும் இணைப்பது வெறும் பருமன் வரிசைத் தோராயமாக இருந்திருந்தால் இம்முடிவுக்கு வர இயலாது.

9. நடைமுறை நெறிகள்

மேற்கண்ட நேர்வுகளிலிருந்து ஆய்வாளரும் ஆசிரியரும் பின்பற்றத்தக்க நெறிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ) அகலம் என்பது அரை உயர முழு அகலம் என்றும், காலம் என்பது சராசரி ஆயுட்காலம் என்றும் முதலிலேயே குறிப்பிடல் வேண்டும். இவ்விரண்டும் உறுதியானால் வலப்பக்கத்தில் சுருக்கிய பிளாங்க் மாறிலியைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

ஆ) வரியின் வடிவத்தை ஆராய்தல் வேண்டும். லோரன்ட்ஸ் வடிவம் தேவையான நிபந்தனை. போதுமான நிபந்தனை அன்று, ஏனெனில் மோதல் விரிவும் அதே வடிவைத் தரும். காஸ் வடிவம் தோன்றினால் டாப்ளர் விரிவோ சூழல் வேறுபாடோ மேலோங்கியுள்ளது எனக் கொள்ளலாம்.

இ) வெப்பநிலை, அழுத்தம், செறிவு ஆகியவற்றை மாற்றி அகலத்தை மீண்டும் அளத்தல் வேண்டும். இவற்றோடு மாறும் அகலம் முழுவதும் இயல்பு அகலமாக இருக்க இயலாது.

ஈ) கருவியின் பிரிதிறனை இயல்பு அகலத்தின் எதிர்பார்க்கப்படும் மதிப்போடு முன்னரே ஒப்பிடல் வேண்டும். ஹைட்ரஜனின் 2பி நிலைக்கு ஆயுட்காலம் 1.6 நானோ வினாடி. அகலம் ஏறத்தாழ 100 மெகா ஹெர்ட்ஸ். அதே அணுவின் 2எஸ் நிலை ஏறத்தாழ எட்டில் ஒரு வினாடி நீடிப்பதால் அகலம் 1.3 ஹெர்ட்ஸ் மட்டுமே. முன்னதற்கு ஏற்ற கருவி பின்னதற்குப் பயன்படாது.

உ) பிற விரிவுகளை நீக்க இயலாத நிலையில் முடிவை 'ஆயுட்காலம் இம்மதிப்புக்குக் குறையாது' என்று அறிக்கையிடல் வேண்டும்.

10. முடிவுரை

ஆற்றல்-காலத் தொடர்பு என்னும் ஒரே பெயரில் இரு வேறு கூற்றுகள் வழங்கி வருகின்றன. ஒன்று, எந்த அமைப்பும் எவ்வளவு விரைவாக மாறலாம் என்பதற்கு எல்லை வகுக்கும் சமனின்மை. மற்றொன்று, அடுக்குக்குறி முறையில் சிதையும் நிலையின் இயல்பு அகலத்தையும் சராசரி ஆயுட்காலத்தையும் இணைக்கும் சமன்பாடு. ஆயுட்கால மதிப்பீட்டுக்கு உரியது பின்னது. சோடியத்தில் அகலம் வெப்ப இயக்கத்தில் மறைகிறது. இரும்பு-57இல் படிகத்தின் துணையால் வெளிப்படுகிறது. ரோடமினில் பிற காரணங்களுள் அமிழ்கிறது. இசட் போசானில் ஆயுட்காலத்தை அறிய ஒரே வழியாகிறது. தொடர்பு நான்கிடத்தும் ஒன்றே. அளந்த அகலத்தில் எவ்வளவு பகுதி அந்நிலையின் சொந்த அகலம் என்னும் வினாவுக்கு விடை கண்டபின்னரே வகுத்தலைத் தொடங்குதல் வேண்டும். வகுப்பறையில் இச்சமன்பாட்டைக் கற்பிக்கும்போது அவ்வினாவையும் உடன் எழுப்பினால், மாணவர் பின்னர் ஆய்வகத்தில் ஒரு நிறமாலையைக் கையில் எடுக்கும்போது அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதை அறிந்திருப்பர்.